அன்னபேதிக் கிணறு

கண்ணாத்தாளைப் பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் பக்கத்தில் முதலில் அவளுடைய பல்லைத்தான் சொல்வார்கள். முன்பற்கள் பாதி கரைந்து, அரத்தால் ராவியதுபோல் மொட்டையாக இருக்கும். அதைச் சொல்லிச் சிரித்துவிட்டு, "பேசாம தோட்டத்தக் கொழுந்தங்கிட்டக் குடுத்துப்போட்டு அவிய ஊட்டுல உக்காந்து சோறு தின்னிருக்கலாம்" என்று முடிப்பார்கள். எனக்கு அந்த இடத்தில்தான் பற்றிக்கொண்டு வரும். அடுத்தவர் வீட்டுச் சோறு தொண்டையில் எப்படி இறங்கும் என்று தின்று பார்த்தவர்கள் இப்படிப் பேச மாட்டார்கள். அவள் தோட்டமும் எங்கள் தோட்டமும் ஒரே வரப்பில் ஒட்டியவை. அவள் பட்டதை வரப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவள் நான். நான் பார்க்காததை, அவளிடம் பண்ணையம் பார்த்த செங்கோடன் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவன் பொய் சொல்லத் தெரியாத ஆள்.

சூரமங்கலம் ரயிலடிக்குத் தெற்கே, ஆட்டையாம்பட்டிக்குப் போகிற வண்டித்தடத்தை ஒட்டி அவள் நிலம். வாசலில் நின்று மேற்கே பார்த்தால் கஞ்சமலை தெரியும். அவள் புருஷன் அப்புசாமி, யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம் பாம்பு கடித்துச் செத்துப்போனான். பிள்ளை கிடையாது. கொழுந்தன் சின்னண்ணன் புதுச்சத்திரத்தில் தன் பங்கு நிலத்தில் குடியிருந்தான். காரியம் முடிந்த கையோடு அவன் வந்து கேட்டான்.

"நங்கை, நம்மூட்டுக்கே வந்துருங்க. தோட்டத்த நான் பாத்துக்கறேன்."

அண்ணியை நங்கை என்று கூப்பிடுவது எங்கள் வழக்கம். அவன் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஊரில் நடப்பது அதுதான்.

"கெணத்துல தண்ணி இருக்கற வரைக்கும் எனக்கென்ன கொறை, சின்னண்ணா? கெணறு போனா நானே மூட்டையக் கட்டிக்கிட்டு வாரேன்" என்றாள் கண்ணாத்தாள்.

சொன்ன சொல்லில் தன்னைத் தானே கட்டிப் போட்டுக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் கிணறு இருக்கிற நிலத்துக்குத்தான் தோட்டம் என்று பேர். கிணறு போனால் அதே மண் வெறும் காடு. வானத்தைப் பார்த்துச் சோளம் விதைக்கலாம். தாலியறுத்த ஒருத்தி தனியாக அதில் காலம் தள்ள முடியாது. கிணறு இருந்தால் அவள் தோட்டக்காரி. இல்லாவிட்டால் கொழுந்தன் வீட்டு அடுப்படியில் ஒரு மூலை.

அது அவள் மாமனார் காலத்தில் வெட்டிய கிணறு. நீரோட்டம் பார்க்கிற பெரியவர் ஒருவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நிலம் முழுக்க நடந்தாராம். தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் தானும் நின்று, "ஊத்துக்கண்ணு மேக்க, கஞ்சமலைப் பக்கமிருந்து வருது. கெழக்க முச்சூடும் பாறை, சொட்டுத் தண்ணி கெடையாது" என்றாராம். வெட்டினார்கள். தண்ணீர் பீறிட்டது. அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் அந்தப் பேச்சு சாமி வாக்கு. அதற்கப்புறம் கிணறு அடி தெரிய வற்றவே இல்லை. கண் எந்தப் பக்கம் இருக்கிறது என்று இறங்கிப் பார்க்க யாருக்கும் வாய்க்கவும் இல்லை.

யுத்தம் வந்த சமயத்தில், அவள் தோட்டத்துக்கு மேற்கே, மருதாசலம் என்கிற கோயமுத்தூர்க்காரர் வாளிப் பட்டறை வைத்தார். பட்டாளத்துக்கு வாளி. இரும்புத் தகட்டுக்குத் துத்தநாகம் பூசுவதற்கு முன்னால் துரு முழுக்கப் போக வேண்டும். அதற்காக ஈயத்தகடு அடித்த ஒரு பெரிய மரத்தொட்டியில் கந்தகத் திராவகத்தைத் தண்ணீரோடு கலந்து, தகடுகளை அதில் முக்கி எடுப்பார்கள். துருவைத் தின்று தின்று திராவகம் சோர்ந்துவிடும். பச்சையாகக் கலங்கி, இனி வேலைக்கு ஆகாது என்றானதும், பட்டறைக்குப் பின்னால் ஒரு குழியில் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலப்பார்கள். குழி, கண்ணாத்தாள் வேலிக்கு அந்தப் பக்கம்.

அடுத்த ஐப்பசியில் மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது. குழி நிரம்பி வழிந்து, வேலிக்கு அடியில் புகுந்து, மிளகாய்க் காட்டின் குறுக்கே ஓடி, கைப்பிடிச் சுவர் இல்லாத அந்தக் கிணற்றுக்குள் விழுந்தது. மழை விட்டுப் பார்த்தால் தண்ணீர் காவிநிறம். அதை இறைத்துப் பாய்ச்சின நாற்று, நுனி கருகிச் சுருண்டது. மாடு தொட்டியில் மூக்கை வைத்துவிட்டுத் தலையை உதறிக்கொண்டு திரும்பியது.

கண்ணாத்தாள் பட்டறைக்கே போனாள்.

"ஏனுங்க, உங்க குழித்தண்ணி என்ற கெணத்துக்குள்ள எறங்கிருச்சுங்க. இனிமே அங்க கொட்டாதீங்க."

"மழை பேஞ்சதுக்கு நான் என்ன பண்றது, அம்மணி? மானத்துக்குப் பந்தல் போடட்டுமா?" என்றார் மருதாசலம்.

"மழை உங்க குழியில பேஞ்சு என்ற கெணத்துல உழுந்துதுங்க."

"குழியில ஊத்தாம என்ற தலையிலயா ஊத்திக்கறது?"

சுற்றி நின்ற வேலையாட்கள் சிரித்தார்கள். முதலாளி சிரிக்க வைத்தால் சிரித்துத்தானே ஆக வேண்டும். அவள் திரும்பி வந்தாள்.

அந்தத் தை மாதம் பட்டிப் பொங்கலுக்கு அவள் குடத்தோடு எங்கள் கிணற்றடிக்கு வந்தாள். மாட்டுத் தொழுவத்து வாசலில் சாணியால் கரை கட்டிச் சின்னதாக ஒரு தெப்பக்குளம் அமைத்து, தண்ணீர் நிரப்பி, கன்றுக்குட்டியை அதில் மிதித்துத் தாண்ட விடுவோம். தெப்பத்துக்குத் தண்ணீர் அந்தந்தத் தோட்டத்துக் கிணற்றிலிருந்துதான் எடுக்க வேண்டும். இரவல் தண்ணீரில் தெப்பம் நிரப்பியவர்களை நான் அதுவரை பார்த்ததில்லை.

"வசந்தாமணி, தெப்பத்துக்கு ரெண்டு கொடம் வேணும்" என்றாள் என் முகத்தைப் பார்க்காமல். நானே இறைத்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய முடியும்?

இரண்டாம் வருஷமும் தண்ணீர் தெளியவில்லை. மருதாசலம் கொட்டுவதை நிறுத்தவும் இல்லை. அந்தச் சமயத்தில்தான் காளியப்பன் வந்தான். ஆட்டையாம்பட்டியில் தறிக்காரர்களுக்கு நூல் சாயம் போட்டுக் கொடுக்கிறவன். யுத்தத்தால் சீமைச் சாயப்பொடி வருவது நின்றுபோக, பழையபடி கடுக்காயும் அன்னபேதியும் போட்டுத்தான் கறுப்பு ஏற்ற வேண்டியிருந்தது. அன்னபேதி என்பது பச்சை நிறத்தில் கல்கல்லாக இருக்கும் ஓர் உப்பு. அதற்கும் சேலம் கடைகளில் தட்டுப்பாடு. வண்டியில் எங்கள் தடத்தில் போனவன், பட்டறைக் குழியின் ஓரத்தில் வெயிலில் காய்ந்து பூத்திருந்த பச்சைப் பொருக்கைப் பார்த்து இறங்கினான். ஒரு துண்டைப் பெயர்த்து நாக்கில் வைத்தான். வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற கண்ணாத்தாளைப் பார்த்து, "ஏனுங்கம்மா, இது அன்னபேதிங்க! இதைப் போயி குழியில கொட்டறாங்களே!" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

"அதை அதுலருந்து பிரிச்சு எடுக்க முடியுமா?" என்று அவள் கேட்டாள்.

"காச்சிச் சுண்ட வெச்சு ஆற விட்டா கல்லாப் பூத்துருமுங்க."

"பூத்தது போக மீதி?"

"மீதி திராவகந்தானுங்க. சுண்டுனதால மறுபடியும் உறைப்பா இருக்கும். தொட்டிக்கே திருப்பி ஊத்தலாம்."

"அப்ப குழிக்குப் போறதுக்கு ஒண்ணுமே இருக்காதா?"

காளியப்பன் அன்னபேதியை நினைத்துக்கொண்டு தலையாட்டினான். அவள் நினைத்தது அன்னபேதியை அல்ல.

மருதாசலத்துக்கும் அப்போது திராவகம் கிடைக்காமல் கை முறிந்திருந்தது. கப்பல் வந்தால்தான் திராவகம். கப்பலோ வருவதாக இல்லை. ஆகவே இந்த முறை அவர் பந்தல் பேச்சுப் பேசவில்லை. சோர்ந்த திராவகம் முழுவதையும் அவள் வாங்கிக்கொள்வது, பச்சைக் கல்லை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தொட்டிக்குத் திருப்புவது என்று பேச்சானது. அவள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்.

"ஒரு சொம்புகூட அந்தக் குழிக்குப் போகக் கூடாதுங்க."

"சரி, அம்மணி. ஒரு சொம்புகூடப் போகாது" என்றார் மருதாசலம்.

மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் ஓலை வேய்ந்து ஒரு சாளை போட்டாள். பட்டறையில் கழித்த ஈயத்தகட்டை அண்டாபோல் அடித்து, கல்லடுப்பில் மணல் பரப்பி அதன்மேல் உட்கார வைத்தாள். தீ எட்டினால் ஈயம் உருகிவிடும், மணலின் சூட்டில்தான் காய வேண்டும். திராவகம் கொதிக்கக் கொதிக்க எழும் புகை, கண்ணையும் தொண்டையையும் பிடித்துத் திருகும். வரப்பில் நிற்கும் எனக்கே இருமல் வரும். அவள் முந்தானையை மூக்கோடு கட்டிக்கொண்டு நாளெல்லாம் அதன் பக்கத்தில் நின்று கிளறினாள். மேலே ஏடு கட்டினதும், செங்கோடனும் அவளும் பீங்கான் ஜாடிகளில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் நூல் தொங்கவிட்டு மூடுவார்கள். ஆறினபின் எடுத்தால் நூலைச் சுற்றி மரகதப் பச்சையாகக் கல் கல்லாகப் பூத்திருக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், பொய் சொல்லக் கூடாது. அவள் சேலை மட்டும் துளைத் துளையாகப் போயிற்று.

முதல் முறை கொடுத்த அன்னபேதியால் காளியப்பன் சண்டைக்கு வந்தான். கறுப்பு நன்றாக ஏறிற்று. ஆனால் தறியில் போட்டதும் நூல் இழுத்த இடத்தில் எல்லாம் இற்றுப்போயிற்று. "தறிக்காரன் என்ற மூஞ்சியில வீசுறானுங்க! கல்லுல திராவகம் ஒட்டிக்கிட்டு இருக்குதுங்க. கழுவிக் குடுங்க!" என்று கத்தினான். அன்றிலிருந்து கல்லைக் குளிர்ந்த தண்ணீரில் அலசி அலசித்தான் கொடுத்தாள். ஒவ்வோர் அலசலுக்கும் ஒரு கல்லை நாக்கில் வைத்துப் பார்ப்பாள். புளித்தால் இன்னும் அலச வேண்டும். புளிப்புப் போய், இரும்பின் துவர்ப்பு மட்டும் நின்றால் சரி. பல் கரைந்தது புகையாலா, இந்த நாக்குச் சோதனையாலா என்று யார் கண்டது? இரண்டாலும்தான்.

அலசின தண்ணீரையும், அண்டாவின் அடியில் தங்கும் மண்டியையும் எங்காவது விட வேண்டும். மேற்கே விட்டால் ஊற்றுக்கண். அந்தப் பாவத்தை அவள் செய்வாளா? தோட்டத்தின் கிழக்கு மூலையில் ஒரு குழி தோண்டினாள். கிழக்கே பாறை, சொட்டுத் தண்ணீர் கிடையாது, பெரியவர் வாக்கு. ஒவ்வொரு பானையையும் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் நடந்து அங்கேதான் கொட்டினாள். செங்கோடன் களைத்துப்போய்ச் சாளைக்குப் பக்கத்தில் ஊற்றப்போனால் திட்டுவாள்.

இப்படியே யுத்தம் முடிகிற வரைக்கும் ஓடிற்று. பட்டறைக் குழி காய்ந்து எருக்கு முளைத்தது. ஆனால் கிணறு தெளியவில்லை. ஒரு வருஷம் கொஞ்சம் வெளுத்தாற்போல் இருக்கும். அடுத்த வருஷம் முன்னைவிடச் சிவக்கும். அவளுக்குப் புரியவே இல்லை. மருதாசலம் திருட்டுத்தனமாக எங்கேயோ கொட்டுகிறான் என்று சந்தேகப்பட்டாள். பட்டறை வாசலில் நின்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். அவரும் சளைக்கவில்லை. "தகடு அலசற தண்ணிதான் வெளிய போகுது. வேணும்னா அதையும் எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார். போனாள்! அதையும் ஜாடி ஜாடியாக வண்டியில் ஏற்றி வந்தாள். அதில் அன்னபேதி தேறாது, வெறும் புளித்த தண்ணீர். அத்தனையும் கிழக்குக் குழிக்குப் போனது.

சின்னண்ணன் வருஷத்துக்கு ஒரு தடவை பொங்கல் கழித்து வருவான்.

"நங்கை, கெணறு எப்படி?"

"தெளிஞ்சுக்கிட்டு வருது, சின்னண்ணா."

அவன் கிணற்றை எட்டிப் பார்ப்பான். பிறகு அவள் முகத்தைப் பார்ப்பான். ஒரு மூட்டை ராகியை இறக்கிவிட்டுப் போவான். அந்த மூட்டையைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு ஆத்திரம் வரும். நல்லவர்கள் கொடுக்கிற சோறு கெட்டவர்கள் கொடுக்கிற சோற்றைவிடக் கசக்கும் என்று அவளைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஆனாலும் அந்த ராகியைத்தான் தின்றாள். தோட்டத்தில் மானாவாரிச் சோளம் தவிர வேறொன்றும் விளையவில்லை.

யுத்தம் முடிந்தது. பட்டாளத்துக்கு வாளி வேண்டாமென்று ஆயிற்று. சீமைச் சாயம் திரும்பி வந்ததும் காளியப்பனும் வருவதை நிறுத்திவிட்டான். மருதாசலம் பட்டறையைக் கழற்றிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினார். போகிற அன்று, தொட்டியில் மீந்திருந்த திராவகம் முழுவதையும் ஜாடிகளில் நிரப்பி அவள் வாசலில் இறக்கச் சொல்லிவிட்டார். "ஒரு சொம்புகூடக் குழிக்குப் போகக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க, அம்மணி" என்று வண்டியில் உட்கார்ந்தபடியே சிரித்தார். வாழ்நாளில் அந்த மனிதர் காப்பாற்றிய வாக்கு அது ஒன்றாகத்தான் இருக்கும்.

வாங்க ஆளில்லாத சரக்கைக் காய்ச்சி என்ன செய்வது? விறகுக்குப் பிடித்த கேடு. ஜாடிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்குக் குழியில் கொட்டத் தொடங்கினாள். பாதி கொட்டியிருப்பாள். அந்த வருஷம் மழை பொய்த்தது.

சித்திரையில் எங்கள் கிணறு முழங்கால் ஆழத்துக்கு வந்தது. அவள் கிணறு, வெட்டிய நாளிலிருந்து முதல் தடவையாக, அடி தெரிய வற்றியது. இதுதான் சமயம், சேற்றையெல்லாம் வாரிவிட்டால் புதுத் தண்ணீராவது நன்றாக ஊறும் என்று அவள் செங்கோடனை இறக்கிவிட்டாள். நானும் போய்க் கிணற்று மேட்டில் நின்றேன். கூடை கூடையாகச் செஞ்சேறு மேலே வந்தது. பிறகு கயிறு வெகுநேரம் அசையவில்லை.

"ஆத்தா, இங்க ரெண்டு கண்ணு இருக்குதுங்க" என்று செங்கோடன் குரல் வந்தது.

"ரெண்டா?"

"மேக்கால ஒண்ணு, நல்ல தண்ணியா வருதுங்க. கெழக்கால ஒண்ணு…"

"கெழக்கால என்னடா?"

"கெழக்கால செவப்பாக் கசியுதுங்க."

"கெழக்க பாறைடா!"

"பாறைதானுங்க. பாறையில வெடிப்பு இருக்குதுங்களே, ஆத்தா."

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிணற்றுப்படியில் இறங்கினாள். நான் கூப்பிட்டும் கேட்கவில்லை. மேலிருந்து எனக்கு எல்லாம் தெரிந்தது. கிழக்குச் சுவரின் வெடிப்பில் வழிந்ததை விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். வருஷக்கணக்காக அவள் நாக்குப் பழகின ருசி அது. அவளிடம் யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பிறகு மேற்குப் பக்கம் போய், கையைக் கழுவிக்கொண்டு, அந்தத் தண்ணீரை ஒரு கை ஏந்திக் குடித்தாள். அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

ஏறி வந்தபோது அவள் அழவில்லை.

"வசந்தா, அந்தாளு கெடுத்தது ஒரே ஒரு மழை. மிச்சம் அத்தனையும் நான் கெடுத்தது" என்றாள்.

நீ என்ன கண்டாய், பெரியவர் சொன்னதை நம்பினாய் என்று ஏதோ உளறினேன். அவள் கேட்டுக்கொண்டாளா என்று தெரியாது. பழியைப் போட இன்னொருத்தர் இருந்த வரைக்கும் அவள் இருமலோடும் நிமிர்ந்துதான் நடந்தாள். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவளைக் கிழவியாகப் பார்த்தேன்.

நானாக இருந்தால் மறுநாளே புதுச்சத்திரத்துக்கு மூட்டை கட்டியிருப்பேன். அவள் மண்வெட்டியை எடுத்தாள். அவளும் செங்கோடனும் கிழக்குக் குழியைத் தோண்டி, சிவந்த மண்ணையெல்லாம் அள்ளி, வண்டித்தடத்துக்கு அப்பாலிருந்த மொட்டைப் பாறையில் கொண்டுபோய்ப் பரப்பினார்கள். காலி பண்ணின குழியில் சுக்கான் கல்லையும் சுண்ணாம்பையும் கொட்டி நிரப்பினார்கள். புளிப்பைச் சுண்ணாம்பு தின்னும் என்று காளியப்பன் எப்போதோ சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்தது. சுக்கான் கல் விழுந்த இடமெல்லாம் நுரைத்துச் சீறியதைச் செங்கோடன் பயந்துபோய் எங்கள் வீட்டில் வந்து சொன்னான்.

மீந்த ஜாடிகளைச் சாளைக்குள் வரிசையாக அடுக்கி, வாயை மண்ணால் பூசி மூடினாள். அதையும் எங்காவது தொலைத்துவிடேன் என்று நான் கேட்டேன்.

"எங்க ஊத்தறது? இத்தனையையும் சுண்ணாம்பு திங்குமா? எந்தப் பக்கம் ஊத்துனாலும் அது யாரோ ஒருத்தரு கெணத்துக்குத்தான் போகும். என்ற கண்ணுக்கு முன்னால இருந்துட்டுப் போகட்டும்" என்றாள்.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. கிணறு நிரம்பியது, சிவப்பாகத்தான் நிரம்பியது. அவள் மாடு கட்டி இறைக்கிற கவலையைப் பூட்டி அந்தத் தண்ணீரை முழுக்க இறைத்து வெளியேற்றினாள். மறுபடியும் ஊறியது, மறுபடியும் இறைத்தாள். ஊரில் சிரித்தார்கள். பைத்தியக்காரி விளையாத காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறாள் என்றார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் இதுதான் அவளுக்கு வேலை. பிறகு இறைப்பதையும் விட்டுவிட்டாள். சரி, ஓய்ந்துவிட்டாள் என்று நான் நினைத்தேன். வழக்கம்போல எங்கள் கிணற்றுக்குக் குடத்தோடு வந்து குடிதண்ணீர் எடுத்துக்கொண்டு போனாள். இருமல் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

அந்தக் குடம் ஒரு நடிப்பு என்பது எனக்குத் தெரியாது. அவள் இறைப்பதை நிறுத்தியது, தண்ணீர் தெளிந்துவிட்டதால். கிணற்றுச் சுவரெல்லாம் காவிக்கறை படிந்திருந்ததால், மேலிருந்து எட்டிப் பார்க்கிறவர்களுக்குத் தண்ணீரும் சிவப்பாகவே தெரியும். இறைத்துக் கையில் ஏந்தினால்தான் தெரியும். அவள் மாடு தொட்டியில் வாய் வைத்து உறிஞ்சிக் குடித்த அன்று, செங்கோடன் சந்தோஷத்தில் கத்தப் போனானாம். அவன் வாயைப் பொத்தினாளாம்.

"மூச்சு விடாத, செங்கோடா. கண்ணு பட்டுரும். தை வரட்டும். பட்டிப் பொங்கலுக்கு நம்ம தண்ணியில தெப்பம் ரொப்பிக் கன்னுக்குட்டி மிதிக்கட்டும். அதுக்கப்புறம் ஊருக்கே சொல்லுவோம். சின்னண்ணனையும் கூப்புட்டு உக்கார வெச்சு, இந்தத் தண்ணியில சோறாக்கிப் போடோணும்."

எனக்குக்கூடச் சொல்லவில்லை. என் கண்ணும் பட்டுவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. நினைத்தால் ரொம்பக் கோபம் வருகிறது, யார்மேல் கோபப்படுவது?

மார்கழியில் குளிர் தாங்காமல் நெஞ்சு அடைத்துக்கொண்டது. கஷாயமெல்லாம் வைத்துக் கொடுத்துப் பார்த்தேன். ஒரு நாள் பொழுது விடிகிற நேரத்தில், செங்கோடன் மாட்டுக்குத் தண்ணீர் இறைத்துத் தொட்டியை நிரப்பிவிட்டு வந்து எட்டிப் பார்த்தபோது, மூச்சு நின்றிருந்தது. பொங்கலுக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது.

பண்ணையத்து ஆள்தான் இழவு சொல்லப் போக வேண்டும். அது அந்தக் காலத்து முறை. செங்கோடன் புதுச்சத்திரத்துக்குப் பஸ் ஏறிப் போய்ச் சின்னண்ணனிடம் சொல்லிவிட்டு, அங்கிருந்து ராசிபுரத்துப் பக்கம் அவள் பிறந்த வீட்டுக்காரர்களுக்குச் சொல்லப் போய்விட்டான். சின்னண்ணன் பங்காளிகளோடு பஸ் பிடித்து வந்து இறங்கினான். அவன் அழுதது நிஜமான அழுகை. பொம்பளைகள் நாங்கள் உள்ளே ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தோம். ஆண்கள் வாசலில் பந்தல் போட இடம் பண்ணினார்கள். மாட்டுக்கொட்டகைப் பக்கம் சாளை குறுக்கே நின்றது, அதைப் பிரித்தார்கள். உள்ளே ஜாடிகள் இருந்தன.

"இது திராவகமாட்ட இருக்குதுங்களே, இத எங்க ஊத்தறது?" என்று ஒருவன் கேட்டது எனக்கு உள்ளே கேட்டது.

"ஆடு மாடு வாய் வெக்கற எடத்துல ஊத்திப்போடாதீங்கடா" என்றான் சின்னண்ணன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தக் கெணத்துக்குள்ளயே ஊத்துங்க. அது செத்த கெணறுதான். யாருக்கும் ஒண்ணும் ஆகாது" என்றான்.

அவன் சொன்னதில் தப்பு என்று யாருக்கும் படவில்லை. எனக்கும் படவில்லை. நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

உச்சிப்பொழுது சாய்ந்ததும் செங்கோடன் திரும்பி வந்தான். பிணத்தைக் குளிப்பாட்டுகிற நேரம். எங்கள் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டு வந்திருந்தார்கள். கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த ஜாடிகளிடம் அவன் நேராகப் போய் நின்றான்.

"இதுல இருந்த தண்ணி எங்கீங்க?"

"கெணத்துல ஊத்திப்போட்டோம். ஏண்டா?" என்றான் சின்னண்ணன்.

செங்கோடன் கிணற்றுப் பக்கம் திரும்பினான். அங்கே போகவில்லை. வாசல் மண்ணிலேயே உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான். அவ்வளவு பேர் மத்தியில் அவன் வாய்விட்டு அழுவதைப் பார்த்து நாங்கள் வெளியே வந்தோம்.

"காத்தால மாடு குடிச்சுதுங்க சாமி" என்றான். "அந்தக் கெணத்துத் தண்ணியத்தானுங்க. ரெண்டு மாசமாக் குடிக்குதுங்க. பொங்கலன்னைக்கு உங்களுக்குச் சொல்லோணும்னு, ஆத்தா என்ற வாயக் கட்டிப் போட்டாங்க."

சின்னண்ணனுக்குப் புரிய நேரம் பிடித்தது. செங்கோடன் எழுந்து அவனை மாட்டுத் தொட்டிக்குக் கூட்டிப் போனான். விடியலில் இறைத்தது தொட்டியில் முக்கால்வாசி நின்றது. தொட்டியின் அடியில் கிடந்த கூழாங்கல் வரைக்கும் தெரிந்தது. சின்னண்ணன் கையை விட்டு ஒரு வாய் அள்ளிக் குடித்தான். குடித்த கையை அப்படியே வாயில் வைத்துக்கொண்டான்.

பிறகு ஒரு குடத்தை எடுத்து, அந்தத் தொட்டியிலிருந்து அவனே மொண்டான்.

"மாட்டுத் தண்ணியில போயி பொணத்தக் குளிப்பாட்டறதா?" என்று ஒரு பங்காளி முனகினார்.

"நங்கைய அவிய தண்ணியிலதான் குளிப்பாட்டோணும்" என்றான் சின்னண்ணன். குடத்தை என் கையில் கொடுத்துவிட்டு, எங்கள் கிணற்றுத் தண்ணீரை வாசலில் கொட்டினான்.

அந்தத் தண்ணீரில்தான் அவளைக் குளிப்பாட்டினேன். கரைந்த பல் தெரிய வாய் லேசாகத் திறந்திருந்தது. வாய்க்கட்டுக் கட்டுவதற்கு முன்னால் அந்தத் தண்ணீரை ஒரு கை ஏந்தி அதில் விட்டேன்.

பாடை போனபின், மாடு தொட்டிக்கு வந்து அடியில் மீந்திருந்ததை நக்கிக் குடித்தது. செங்கோடன் பழக்கத்தில் கவலைக் கயிற்றை எடுத்துக்கொண்டு கிணற்றடி வரைக்கும் போனான். போய் நின்றுவிட்டு, கயிற்றைச் சுருட்டிக்கொண்டு திரும்பி வந்தான். மாட்டை அவிழ்த்து எங்கள் தொட்டிக்கு ஓட்டி வந்தான்.